சொல்லுக்குக் கூலி

முதலில் நான் தேர்ந்தெடுத்த சொல் ‘சரி’. அது எவ்வளவு பெரிய தவறு என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. போனில் யாரிடமோ “சரி சரி, நாளைக்குப் பாக்கலாம்” என்பேன். மணி எங்கிருந்தாலும் ஓடி வந்து என் முன்னால் உட்கார்ந்து கையைப் பார்க்கும். அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் “சரிங்கக்கா” என்றால் அம்மாவின் காலடியில் போய் நிற்கும். நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை ‘சரி’ சொல்கிறோம், அதில் எத்தனை நிஜமாகவே சரி என்பதை ஒரு நாய் வந்துதான் எனக்குக் கணக்குக் காட்டியது.

மணி என்பது பாவ்லோவின் நினைவாக வைத்த பெயர் இல்லை. தோட்டப்புறத்தில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். சுங்கை சிப்புட் பக்கம் அப்பா பிறந்து வளர்ந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, ஒரு பகுதி தாமானாக மாறியது. மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும்தான். வருடம் ஒருமுறை திருவிழாவுக்குப் போவோம். அப்படிப் போன ஒரு வருடம் கோயில் பின்புறம் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது அது. யாராவது கையை உயர்த்தினாலே, தலை சொறிவதற்காக உயர்த்தினாலும்கூட, தரையோடு ஒட்டிக்கொள்ளும். அடி வாங்கிய நாய். ஈப்போவுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

பயிற்சி தேவைப்பட்டதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பாக்சிக். விடியற்காலையில் அவர் சூராவுக்கு நடந்து போகும்போது மணி கேட்டின் மேல் பாய்ந்து குரைக்கும். அவர் ஒருமுறைகூடச் சண்டைக்கு வரவில்லை. எதிர்ச் சாரிக்குப் போய் நடக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். எழுபது வயது மனிதர் என் நாய்க்காக ரோட்டைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அடித்துப் பழக்குவது எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பழக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே தரையோடு ஒட்டிக்கொள்ளும் நாயிடம் பிரம்பை எடுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் குறிச்சொல் முறை.

விஷயம் எளிமையானது. நாய் நாம் விரும்பும் ஒன்றைச் செய்யும் அந்தக் கணத்தில் ஒரு சின்னச் சொல்லைச் சொல்ல வேண்டும். உடனே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்கு முன், அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு ஏற்ற வேண்டும். எந்த வேலையும் கேட்காமல் சொல்லைச் சொல்லி ஒரு துண்டு ஈரல், திரும்பவும் சொல்லி ஒரு துண்டு. இருபது முப்பது தடவை ஆனதும் சொல்லைக் கேட்டாலே தலை நம் பக்கம் திரும்பும். அதற்குப் பிறகு அது வெறும் ஒலி இல்லை. ‘நீ இப்போது செய்தாயே, அதுதான். கூலி வந்துகொண்டிருக்கிறது’ என்பது அதன் பொருள்.

எதற்கு இந்தச் சொல், நேராக ஈரலையே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நான் கையுறை ஆலையில் வேலை செய்பவன். நிபோங் திபாலில் பொறியியல் படித்துவிட்டு வந்து சூளைகளின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவில் இருக்கிறேன். ஒரு வால்வைத் திறந்து அதன் விளைவு அளவுமானியில் தெரிய நாற்பது விநாடி ஆனால், அந்த நாற்பது விநாடியும் கட்டுப்பாட்டுக் கருவி குருடு. எது எதனால் நடந்தது என்று அதற்குத் தெரியாது, அதனால் தப்புத் தப்பாகத் திருத்தும். நாய்க்கும் அதே கதைதான். மணி கேட்டருகே குரைக்காமல் நின்றது, நான் பையில் கைவிட்டு ஈரலை எடுத்தேன், அதற்குள் அது திரும்பி, மோந்து, என் காலில் தாவிவிட்டது. ஈரல் எதற்குக் கிடைத்தது? அதன் கணக்கில் தாவியதற்கு. சொல் அந்த இடைவெளியை அடைக்கிறது. கை போய்ச் சேருமுன் சொல் போய்ச் சேர்ந்துவிடும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஸ்கின்னர் 1951இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதியபோதே, அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தமிடும் ஒரு குழந்தைப் பொம்மையை இதற்குச் சொன்னார். அவரிடம் படித்த கெல்லர் பிரேலண்ட், மரியான் பிரேலண்ட் தம்பதி அதைத் தொழிலாகவே செய்தார்கள். ஹவாயில் ஓங்கில்களைப் பழக்கிய கேரன் பிரையர் விசிலைப் பயன்படுத்தினார். ஓங்கிலுக்குக் கழுத்துப் பட்டை மாட்ட முடியாது, அடிக்கவும் முடியாது. பிடிக்கவில்லையென்றால் அது தொட்டியின் மறுபக்கம் நீந்திப் போய்விடும். விலங்கு விலகிப்போக முடிகிற இடத்தில் மனிதன் நாணயமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதை நான் அங்கிருந்துதான் புரிந்துகொண்டேன். அவரது புகழ்பெற்ற புத்தகம் 1984இல் வந்தது. ‘நாயைச் சுடாதே’ என்பதுதான் அதன் பெயர்.

‘சரி’ தோற்ற பிறகு, வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சொல்லைத் தேடினேன். ‘யெஸ்’ எடுபடாது. மலேசியாவில் அதுவும் நாள் முழுக்க வாயில் இருப்பது. ‘குட்’ என்று நாங்கள் தட்டு கழுவினாலும் சொல்வோம். கடைசியில் கிடைத்தது ‘பலே’. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோடு வழக்கொழிந்துபோன சொல். குட்டையானது, தெளிவானது, யாருக்கும் வேண்டாதது. அப்பா சிரித்தார். “என்னடா இது, நாடகக் கொட்டகையா?”

அதற்கு அடுத்து அவர் கேட்டது சிரிப்பாக இல்லை. “லஞ்சம் குடுத்துல்ல வேல வாங்குற?”

நான் விளக்கினேன். லஞ்சம் என்றால் முதலில் காட்டிவிட்டு வேலை வாங்குவது. இங்கே வேலை முடியும்வரை கை பையைத் தொடாது. செய்தபிறகுதான் சொல், சொல்லுக்குப் பிறகுதான் ஈரல்.

“அப்ப கூலின்னு சொல்லு.”

“கூலின்னே வெச்சுக்கலாம்ப்பா.”

“கூலின்னா, கணக்கு யாரு கையில இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நாயைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அப்பா பதினாறு வயதிலிருந்து மரம் சீவியவர். இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்று, நிரைக்குப் போய், மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா வாளியில் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டோரில் ஊற்ற வேண்டும். அங்கே பாலை நிறுப்பார்கள். பிறகு மெட்ரோலாக் என்கிற மிதவைக் கருவியை விட்டு அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார்கள். கிராணி ஓர் எண்ணைச் சொல்லுவார், புத்தகத்தில் எழுதுவார். “இன்னிக்குப் பாலு தண்ணிடா” என்றால் தண்ணிதான். தன் வாளியில் இருந்தது என்னவென்று அப்பாவுக்குக் கை சொல்லும். ஆனால் கருவியும் பேனாவும் அவர் கையில் இல்லை. அந்த எண் பொய் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. “உண்மையா இருந்தாலும் எங்களுக்குத் தெரியாதில்ல” என்பார். இன்று நான் அளவுமானிகளுக்கு நடுவே சம்பாதிக்கிறேன். எங்கள் ஆலைகளுக்கு வரும் இயற்கைப் பால் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது.

மணியின் நிலையும் ஏறக்குறைய அதுதான். எப்போது ‘பலே’ என்பது என் தீர்ப்பு. எவ்வளவு ஈரல் என்பதும் என் தீர்ப்பு. அதற்கு முறையிடும் இடம் கிடையாது. அதனால்தானோ என்னவோ இந்த முறையில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டும். தவறிச் சொன்னாலும் கொடுக்க வேண்டும். நீங்கள் அவசரப்பட்டு நாய் குரைக்கும் நேரத்தில் ‘பலே’ என்றுவிட்டால், “ஐயோ, அது கணக்கில்லை” என்று பின்வாங்க முடியாது. பிழை உங்களுடையது, ஈரல் அதனுடையது. இந்த விதிதான் எனக்கு முதலில் பிடித்துப்போனது. அதிகாரம் முழுக்க ஒரு பக்கம் இருக்கும்போது பிழையின் செலவாவது அந்தப் பக்கமே இருக்கட்டும் என்கிறது அது.

இரண்டு மாதத்தில் பாக்சிக் பழைய பக்கமே நடக்கத் தொடங்கினார். மணி கேட்டருகே உட்கார்ந்து அவர் போவதைப் பார்க்கும், பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலுக்குத்தான் ‘பலே’. கைகளை உயர்த்தினால் ஒடுங்குவதும் குறைந்தது. அப்பாவும் யாரும் பார்க்காதபோது “பலே, பலே” என்று சொல்லிக்கொண்டு தன் தோசையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தீபாவளி வந்தது.

முதல் நாள் இரவு தாமான் முழுக்க வெடி. பின்கதவு எப்படியோ திறந்திருக்க, மணி ஓடிவிட்டது. விடியும்வரை மோட்டாரில் சுற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. காலையில் கண்டுபிடித்தபோது அது பெரிய லோங்காங்கில், ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்க்குள் இருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. பின்னங்காலில் கண்ணாடி கிழித்த காயம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஈப்போவில் நவம்பர் மழையில் லோங்காங் எவ்வளவு சீக்கிரம் நிறையும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். என் உடம்பு அந்தக் குழாய்க்குள் நுழையாது. கூப்பிட்டேன், வரவில்லை. கெஞ்சினேன், இன்னும் உள்ளே போனது. பையில் ஈரல் இல்லை, பையே இல்லை. இரவு கிளம்பிய வேகத்தில் எதையும் எடுக்கவில்லை.

வெறும் கையை மூடிப் பிடித்துக்கொண்டு “பலே!” என்றேன்.

வந்தது. மூன்று காலால் தண்ணீரை உதைத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்துகொண்டு என் முஷ்டியை மோந்தது. நான் கழுத்தைப் பிடித்து இறுக்கி, சட்டையால் வாயைக் கட்டி, நண்பனின் காரில் போட்டுக்கொண்டு போனேன். ஊசி, தையல், நான்கு பேர் அழுத்திப் பிடித்தோம். அது கத்திய கத்தலை எழுதத் தெரியவில்லை.

நாய்களின் மூளையைப் பற்றி 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. புடாபெஸ்டில் 13 நாய்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றின் பயிற்சியாளர் பேசுவதைக் கேட்க வைத்தார்கள். பாராட்டுச் சொல் பாராட்டும் தொனியில் வந்தபோதுதான் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக வேலை செய்தது. சொல் மட்டும் போதாது, தொனி மட்டும் போதாது. அன்று குழாய் வாயில் நான் சொன்னது சொல்லும் சரி, தொனியும் சரி. அவ்வளவு பிசிறில்லாத பொய்யை நான் எந்த மனிதரிடமும் சொன்னதில்லை.

கால் ஆறிவிட்டது. சொல் ஆறவில்லை. வீட்டுக்கு வந்தபின் ‘பலே’ என்றால் மணி காதைப் பின்னால் மடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனது. கையில் ஈரல் இருந்தாலும் அப்படித்தான். நல்லதைக் குறித்த சொல் ஒருமுறை கெட்டதோடு சேர்ந்துவிட்டால் நஞ்சாகிவிடும் என்று பிரையர் சொல்லியிருக்கிறார். படித்தபோது அது ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகத் தெரிந்தது.

நண்பர்களிடம் சொன்னால், “உயிரைக் காப்பாத்திட்ட, அப்புறம் என்ன?” என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். வாய்மை அதிகாரத்திலேயே வள்ளுவர் இடம் கொடுக்கிறார்: குற்றமற்ற நன்மையைத் தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்கிறார். காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையில் இடமே கொடுக்கவில்லை. வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். அந்தக் குழாய் வாயில் நான் வள்ளுவரின் பக்கம்தான். திரும்ப அதே காலை வந்தாலும், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால், அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் குறளைத் திரும்பத் திரும்ப நினைத்தபோது ஒன்று தட்டுப்பட்டது. அங்கே நன்மையை எடைபோடுவது யார்? பொய் சொன்னவன்தான். நன்மை என்ன என்பது எனக்குத் தெரியும், மணிக்குத் தெரியாது. தெரியவைக்கவும் முடியாது. அதன் பக்கத்தில் இருப்பது ஒரே விஷயம்: சொன்னான், கொடுக்கவில்லை, வலித்தது. பொய் நியாயமாகவே இருக்கட்டும். நியாயமான கடனும் கடன்தான். நல்ல காரணத்துக்காக வாங்கினேன் என்பதால் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று ஆகாது. நண்பர்களின் “அப்புறம் என்ன?” என்ற கேள்வியில் எனக்கு உறுத்தியது இதுதான். அப்புறம்தான் நிறைய இருக்கிறது.

பயிற்சியாளர்கள் தரும் வழக்கமான யோசனை, கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டுப் புதுச் சொல்லை எடுத்துக்கொள்வது. வேகமானது, வேலை செய்யும். நான் ‘ஜோர்’ என்று ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஈயச் சட்டியில் மணிக்குச் சோறு பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“நல்ல யோசனதான். எங்களுக்கும் ஒவ்வொரு தடவையும் புதுப் பேருதான் வெச்சாங்க.”

தோட்டம் கைமாறியது நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. எந்தத் தோட்டம், எந்த நிர்வாகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். லயத்தைக் காலி பண்ணுங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டு நிலம் வரும் என்று பெரட்டில் வைத்துச் சொன்னார்கள். அப்பா மற்றவர்களைப் போலவே கைதட்டினார். நிலம் வரவில்லை. பிறகு அது ‘திட்டம்’ ஆனது, பிறகு இன்னொரு பெயரில் இன்னொரு ‘திட்டம்’ ஆனது. ஒவ்வொரு பெயரோடும் ஒரு பாரம் வந்தது, அப்பா பூர்த்தி செய்து கொடுத்தார். கடைசியாக வந்த பாரத்தை அவர் தொடவில்லை. அம்மா எவ்வளவோ சொன்னார்கள். அந்தப் பாரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு அப்பாவின் மேல் கோபம் இருந்தது. முயற்சியே செய்யாத மனிதர் என்று நினைத்தேன். காதை மடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போன மணியைப் பார்த்தபிறகு அந்தக் கோபம் எனக்கே வெட்கமாக இருந்தது.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. அப்பாவையும் நாயையும் ஒரே பத்தியில் வைப்பதா? தோட்டத்து மனிதர்களை அப்படி நடத்தியவர்களே அதிகம். அதை நானும் செய்கிறேனா? ஒப்பீடு எங்கே முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரைக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். வேலை முடிந்ததும் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு ‘வெகுமதியை’ வேண்டாம் என்று சொல்ல மனிதரால் முடிகிறது, கணக்குப் புத்தகத்தை என் முன்னால் திற என்று கேட்கவும் முடிகிறது. மணியால் அது முடியாது. அதனால் முடிந்தது ஒன்றே ஒன்று, வராமல் இருப்பது. கேட்கத் தெரிந்தவர்களிடமே சொல்லைக் காப்பாற்றாமல் தப்பிக்கிறோம் என்றால், கேட்கவே முடியாததிடம் எவ்வளவு சுலபமாகத் தப்பிப்போம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

‘ஜோர்’ வேண்டாம் என்று முடிவெடுத்தேன். புதுச் சொல் எடுத்தால் மணி ஒரு வாரத்தில் பழகிவிடும், எனக்குக் கடன் தீர்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் தீர்த்தது கடனை இல்லை, கடன் பத்திரத்தை. பழைய சொல்லுக்கே கொடுத்துத் தீர்ப்பதென்று தொடங்கினேன். ஒரு வேலையும் கேட்பதில்லை. மேசையிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ‘பலே’, ஒரு துண்டு ஈரலைத் தரையில் உருட்டிவிடுவேன். கையை நீட்டுவதில்லை, கிட்டப் போவதில்லை. முதல் வாரம் நான் எழுந்து போனபிறகுதான் வந்து எடுத்தது. மூன்றாம் வாரம் நான் இருக்கும்போதே எடுத்தது. காலையில் ஆலைக்குக் கிளம்புமுன் பத்து, இரவு பத்து. பசாரில் கோழிக்கடை அங்கிள் “என்ன தம்பி, வீட்டுல எல்லாருக்கும் ரத்தம் கொறைவா?” என்று கேட்டார்.

ஏழாவது வாரத்தில் ஒருநாள் சொல் கேட்டதும் காது முன்னால் வந்தது. முன்பு மாதிரி உடம்பு முழுக்கத் திரும்பவில்லை, காது மட்டும்தான். இன்றுவரை முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. நான் முஷ்டியை மூடியிருந்தால் ஒரு அடி தள்ளியே நிற்கிறது. ஆகையால் கையைத் திறந்து வைத்துக்கொண்டு பேசப் பழகியிருக்கிறேன்.

அடுத்த மாதம் தடுப்பூசி இருக்கிறது. மறுபடியும் அதே கிளினிக், அதே மேசை. பிளாஸ்டிக் கூண்டைக் கூடத்தில் திறந்து வைத்து, தானாக உள்ளே போனால் ‘பலே’ சொல்லி ஈரல் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பழகாவிட்டால் தூக்கிக்கொண்டுதான் போவேன். உதறும், ஒருவேளை கடிக்கும். பலாத்காரம் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் பலாத்காரத்தை அது பார்க்க முடியும், எதிர்க்க முடியும். அன்று அந்தச் சொல் என் வாயிலிருந்து வராது.

நேற்று இரவு கூண்டின் முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு கால்களை உள்ளே வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தது. அப்பா ‘பலே’ சொல்ல வாயைத் திறந்தவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “ஈரல் இருக்காடா?” என்றார். குளிர்பெட்டியைப் பார்த்தேன். தீர்ந்துபோயிருந்தது.

“இல்லப்பா.”

“அப்ப சொல்லல” என்று எழுந்து போய்விட்டார்.